நின்றுவிடும் நிரல்

ரஸ்ட் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரல் தவறே செய்யாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். வருந்தத்தக்க பிழை. இந்தத் தலைமுறையோடு ஒழிந்தால் நல்லது. தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் அது கைவைக்காது. வைக்க நேர்ந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். அவ்வளவுதான்.

நின்ற பிறகு என்ன என்பதை எழுதியவரிடம் விட்டுவிடும்.

தணிகாசலம் சி மொழியில் தலை நரைத்தவர். கோவையில் மருத்துவக் கருவிகள் செய்யும் கூடமொன்றில் பூங்கோதையிடம் ரஸ்ட் கற்க வந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது.

அன்று குறையோடு வந்தார்.

"மேடம், வார்டுல குழந்தைங்க குளிர்ல கிடக்குதுங்க. என் படுக்கை இங்க தூங்குது. ஏன் இன்னும் கையெழுத்துப் போடலை?"

குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு தரும் படுக்கை அது. அதன் சிறு சிப்புக்குள் ஓடுவது அவர் ரஸ்டில் எழுதிய நிரல்; பூங்கோதை ஒப்புதல் தந்தால்தான் படுக்கை வார்டுக்குப் போகும்.

"எதிர்பாராதது வந்தா அது என்ன செய்யும், சார்?"

"நின்னுடும்."

"நின்னு?"

"நின்னு என்ன? சும்மா நிக்கும். அந்த இடத்துல ஒரு வெற்றுச் சுழற்சி எழுதியிருக்கேன், ஒண்ணும் செய்யாம சுத்திக்கிட்டே இருக்கும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நிரலைச் சரிபாக்கற கம்பைலரே ஏத்துக்கிச்சு, உங்களுக்குத்தான் மனசு வரலை."

பூங்கோதை சிரித்தாள்.

மெத்தையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அடியில் சூட்டுத் தகடு. சுவிட்சைப் போட்டாள். தகடு சூடேறத் தொடங்கியதும், வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினாள்.

திரையில் ஒரே வரி: நிரல் நின்றது.

தணிகாசலம் தொடையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! இதுவே சியா இருந்தா, இல்லாத எண்ணைத் தேடி நினைவகத்துல பக்கத்து வீட்டுக்குள்ள புகுந்திருக்கும். இது ஒரு பைட்டைக்கூடத் தொடலை!"

குழந்தையின் முதுகு படும் இடத்தில், தகட்டின் மேல், வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

அவர் கண் திரையிலேயே இருந்தது.

"நினைவகம் பூ மாதிரி அப்படியே இருக்கு மேடம்."

சொல்லிக்கொண்டே திரும்பினார்.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டிய நிரல் நின்றுவிட்டிருந்தது.

"கையை எடுங்க, சுடும்!"

அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. கை அசையவில்லை.

"ஐயோ, எடுங்க மேடம்! ஏன் சும்மா நிக்கறீங்க?"

"எதிர்பாராதது வந்துடுச்சு, சார்."

அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அன்று மாலை, அந்த வெற்றுச் சுழற்சிக்கு மேலே, ஹீட்டரை அணைக்கும் சில வரிகள் புதிதாக ஏறின.

அடுத்த வாரம் படுக்கை வார்டுக்குப் போனது. ஒப்புதல் தாளில் பூங்கோதையின் கையெழுத்து கோணலாக இருந்தது.