காதுக்குள் ஓர் ஊர்

மைக்கைப் பிடிக்க எழுந்த ஆவுடையப்பனின் வேட்டி நுனியைப் பேச்சி பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"ரெண்டாந் தடவையும் கேட்டுட்டாரு டீச்சர். மூணாந் தடவை கேட்டா எழுதிட்டுப் போயிருவாரு."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். மகள் வயதுப் பெண்ணின் சொல்லுக்கு அடங்குவது அவருக்கு இந்த ஒரு வருஷத்தில் பழகியிருந்தது. முழங்கால் சொடுக்கிய சத்தத்துக்கு முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலில் மடைக்குறிச்சி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் கருத்துக் கேட்க வந்த அதிகாரி. அவர் பக்கத்தில், தொழிற்பேட்டை கட்டப்போகிற கம்பெனியின் ஆள், இஸ்திரி கலையாத சட்டையில். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி குளத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. குளத்துக்குள்ளும் கரையிலும் நின்ற கருவேல மரங்கள் முழுக்கக் கூடு. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, எல்லாவற்றின் அடியிலும் குஞ்சு. தொழிற்பேட்டைக்குப் போகும் நால்வழிச் சாலை அந்தக் கரைமேல்தான் வரப்போகிறது. மரங்கள் முதலில் போகும்.

"ஆட்சேபணை இருக்கிறவங்க தாராளமா மைக்ல வந்து சொல்லலாம்" என்று அதிகாரி இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒருவரும் அசையவில்லை.

பயம் என்று அவர் நினைத்திருக்கலாம். குஞ்சு பொரித்துவிட்டால் மடைக்குறிச்சியில் கொட்டு கிடையாது, வேட்டு கிடையாது. கல்யாணத்தைப் பக்கத்து ஊர் மண்டபத்தில் வைத்துக்கொள்வார்கள். சாவுக்குச் சங்கு மட்டும், அதுவும் அடங்கி ஊதுகிற ஆள் கிடைத்தால். வரப்புச் சண்டையில்கூட "ஆடி வரட்டும்லே, ஒன்ன வச்சுக்கிடுதேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரிவார்கள். ஆடிக்குள் பறவைகள் போய்விடும். அதற்குப் பிறகு ஊரில் காது கொடுக்க முடியாது.

காலையில் அதிகாரியின் ஜீப் கரைமேல் ஆடுகளை விரட்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோதே இரண்டு மரம் காலியானது. மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ" என்றபோது இன்னும் நாலு. தாய் பதறி எழும்பினால் குஞ்சு தவறி விழும். விழுந்ததைக் காக்கை விடாது.

ஆவுடையப்பன் அதைத் தானே ஒருமுறை நடத்திக் காட்டியவர். ஜில்லா முழுக்க அவருக்கு 'இடிமுழக்கம்' என்று பட்டம். மைக் கெட்டுப்போன மாநாட்டில் கடைசி வரிசைவரை கேட்கப் பேசியவர். கட்சி அவரை மறந்த பிறகு, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பேச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தார். முதல் நாள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தவுடன், "அடடா! என்ன அழகு!" என்றார். மரம் மொத்தமும் வானத்தில் நின்றது.

"பாத்தது போதும் அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க" என்றாள் பேச்சி.

அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், பல மாதங்களும் அவள் சொன்ன பாடம் ஒன்றுதான். வாயை மூடுங்க. பேர்தான் பேச்சி, பேச்சில் மகா கஞ்சம் என்று ஊரில் அவளைச் சொல்வார்கள்.

இப்போது அவர் அவள் காதருகே குனிந்தார். அவருடைய கிசுகிசுப்பு பக்கத்து நாற்காலிவரை போனது.

"மூடச் சொன்னீங்க, மூடினேன். இன்னைக்கும் மூடுனா மௌனம் சம்மதம்னு எழுதிருவான். கொளம் போயிரும் டீச்சர்."

"தெறந்தா?"

"குஞ்சு போயிரும்."

"ம்."

"ம்முன்னா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"தொட்டில்ல பிள்ளை ஒறங்குது. வாசல்ல திருடன் நிக்கான். என்ன செய்வீங்க?"

"சத்தம் போடுவேன்."

"பிள்ளை முழிச்சிருமே."

"அப்பம் திருடனைக் கும்பிட்டு உள்ள கூட்டிட்டு வரச் சொல்லுதீங்களா?"

பேச்சி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். மைக் அவள் உயரத்துக்குச் சரியாக நின்றது. அதைத் தாண்டிப் போனாள். மேஜையைச் சுற்றி அதிகாரியின் பக்கத்தில் போய், குனிந்து, அவர் காதில் ஏதோ சொன்னாள்.

அதிகாரி திடுக்கிட்டு விலகினார். "என்னம்மா இது? மைக்ல சொல்லுங்க."

பேச்சி குளத்தைக் கை காட்டினாள். பிறகு வந்த வழியே திரும்பி, பந்தலின் கடைசியில் போய் நின்றாள்.

அடுத்து, உதட்டில் விரல் வைத்தவள் எழுந்தாள். அவளும் காதில்தான் சொன்னாள், கொஞ்சம் நீளமாக. அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. வெற்றிலை வாயோடு வந்த மந்திரத்தேவர் காதில் சொல்லி முடித்தபோது அதிகாரி கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"சார், காதுல சொல்றதெல்லாம் கணக்குல வராது" என்றான் கம்பெனிக்காரன்.

வரிசையில் நின்ற ஒருத்தி அவனைப் பார்த்து அடங்கின குரலில் கேட்டாள். "ஏன் தம்பி, நீ பொண்ணு பாக்கப் போனப்ப ஒன் வீட்டுக்காரி மைக்லயா சரின்னா?"

வாயைப் பொத்திக்கொண்டு ஊர் சிரித்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கருத்துன்னுதான் விதியில இருக்கு. சத்தமான கருத்துன்னு இல்ல" என்றார், தனக்கே சொல்வதுபோல.

கம்பெனிக்காரனுக்கு அது பொறுக்கவில்லை. பாய்ந்து மைக்கைப் பிடித்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இந்தத் தொழிற்பேட்டை வந்தால் உங்கள் வாழ்க்கையே..."

கருவேல மரங்கள் வெடித்ததுபோல் இருந்தது. கூழைக்கடாக்கள் சிறகடித்து எழும்பின. கரையோர மரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று கிளையில் மோதி, மோதி, கீழே விழுந்தது. எங்கிருந்தோ காக்கைகள் வந்துவிட்டன. வரிசையில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் கத்தவில்லை.

ஆவுடையப்பனுக்கு அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய குரல் கிளம்பியது. இந்தப் பயலை ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்க அவரால் முடியும். மைக்கே வேண்டாம். குரல் தொண்டைவரை வந்தது. கூடவே முதல் நாள் வானத்தில் நின்ற மரமும் வந்தது.

எழுந்தார். இந்த முறை பேச்சி தடுக்கவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனார். மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கூட்டங்களில் "இன்னும் கூட்டுப்பா, இன்னும் கூட்டு" என்று ஆவுடையப்பன் மேடையிலிருந்து சைகை காட்டியது இவருக்குத்தான்.

"அண்ணாச்சி, நீங்களா!"

ஆவுடையப்பன் குனிந்து குமிழை இடப்பக்கமாகத் திருப்பினார். அது கடைசிவரை போய் நின்றது.

"...பொன்னாக மாறும்" என்றான் கம்பெனிக்காரன். அவன் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. மைக்கைத் தட்டினான். "யோவ், மைக்செட்! கரண்ட் போச்சா?"

"மிஷினு சூடாயிட்டு சார்" என்றார் மைக்செட்காரர், வாயசைவுக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில். "ஆறணும்."

ஆவுடையப்பன் வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் அதிகாரியின் காதுக்குக் குனிந்தார். நாற்பது வருஷம் மணிக்கணக்கில் பேசிய வாய். என்ன சொல்வதென்று வரிசையில் நின்றபோதே அடுக்கி வைத்திருந்தார்.

"கூடாது" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "அவ்வளவுதானா? காரணம்?"

"திரும்ப வருவேன். பின்னால ஆள் நிக்கு."

திரும்பியபோதுதான் பார்த்தார். முதலில் பேசிவிட்டுப் போன பேச்சி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மந்திரத்தேவர், புது வெற்றிலையோடு. சொல்லி முடித்தவர்கள் எல்லாரும் பந்தலைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். வால் தலையைத் தொட்டுவிட்டது. எது முதல், எது கடைசி என்று தெரியவில்லை.

"ஏற்கெனவே சொன்னவங்க மறுபடி வர்றாங்க சார்!" என்றான் கம்பெனிக்காரன்.

"ஒருத்தர் ஒரு தடவைதான் சொல்லணும்னு விதி இருக்காங்கய்யா?" என்று வரிசையில் யாரோ அடங்கின குரலில் கேட்டார்கள்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "இல்ல" என்றார். "பேச ஆள் நிக்கிறவரைக்கும் கூட்டத்தை முடிக்கவும் முடியாது."

பந்தலின் நிழல் மேஜையை விட்டு நகர்ந்தது. வரிசை சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ அதிகாரிக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவளும் அவர் காதில் சொல்லிவிட்டே போனாள். இடது காது சிவந்துவிட்டது. அவர் நாற்காலியைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கூடுகளில் அமர்ந்தன. குஞ்சுகளின் கறகற சத்தம்தான் மைதானத்தில் பெரிய சத்தம்.

பொழுது சாயும்போது அதிகாரி கையை உயர்த்தினார். எழுதியதை மெதுவாகப் படித்தார்.

"ஊர் முழுவதும் எதிர்ப்பு. காரணங்கள் தனியே இணைப்பு." நிமிர்ந்து பார்த்தார். "போதுமா? நான் போலாமா?"

வரிசை வழிவிட்டது. கலையவில்லை.

கம்பெனிக்காரன் ஜீப்பில் ஏறும்முன் ஆவுடையப்பனிடம் வந்தான். "இந்த எதிர்ப்பெல்லாம் ஒண்ணும் செய்யாது பெரியவரே. இன்னொரு தேதி வாங்குவோம். இன்னொரு அதிகாரி வருவார்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மூடினார். பேச்சியிடம் போனார்.

"டீச்சர், மறுபடியும் வருவானாம்."

பேச்சி வரிசையில் தன் இடத்திலேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வரட்டும் அண்ணாச்சி. வரிசைய விட்டு ஏன் வெலகி நிக்கீங்க?"

ஆவுடையப்பன் அவள் பின்னால் போய் நின்றார்.

கரைமேல் ஜீப் போய்க்கொண்டிருந்தது. பட்டிக்குத் திரும்புகிற ஆடுகள் குறுக்கே வந்தன. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, கடைசி ஆடு கடக்கும்வரை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.