பட்டியலில் இல்லாதவன்

ஒரு ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அங்கே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பெட்டிக்குள் ஒன்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றியே தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க் ஒருவர் இருந்தார். அந்த ஊர்க் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அவர் வயிற்றில்தான். போன வாரம் நடந்த கல்யாணம் ஒன்று, இன்னும் வேறெங்கும் பிரதி எடுக்காமல் அவரிடமே கிடந்தது.

கம்ப்யூட்டர் கிளம்பவே அரை மணி நேரம் ஆகிறதே என்று கடைக்காரி ஜெசிந்தா புது டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினாள். கட்டைவிரல் அகலம்தான் இருப்பான். சுற்றவும் மாட்டான், சத்தமும் போட மாட்டான். கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டம் இனி இவனிடம், படங்கள் பெரியவரிடம் என்று அவள் நினைப்பு.

"வாடா தம்பி. இந்தச் சிஸ்டத்தைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. இனி உன் பாடு" என்றார் பெரியவர்.

"சரிண்ணே."

சிஸ்டம் ஏற்ற வந்தவர் ஒரு பென் டிரைவ். பழைய ஆள். எத்தனை பெட்டி பார்த்தவன் நான் என்ற மிதப்பு வேறு. வந்ததும் தனக்குத் தெரிந்த டிஸ்க் வகைகளின் பட்டியலை விரித்தார்.

"இங்க யார் யார் குடியிருக்கீங்க?"

"நான் ஒருத்தன், இவன் ஒருத்தன். சிஸ்டம் இவனுக்கு. என் மேல கை வைக்காதேயும்."

"எவனுக்கு?"

"இதோ, எதிர்ல நிக்கிறானே!"

பென் டிரைவ் மேலும் கீழும் பார்த்தார். "யாரும் இல்லையே."

"சார், இங்கதான் சார் இருக்கேன்" என்றான் புதியவன்.

"யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. ஃபேன் சத்தமா இருக்கும்."

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, உமக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?"

"என் மடியிலதான்யா உக்காந்திருக்கான்" என்றாள், பெட்டிக்குள் எல்லாரையும் தாங்கி நிற்கும் மதர்போர்டு.

"அம்மா, என் பட்டியல் எழுதினப்போ இந்த மாதிரி ஆளுங்க பொறக்கவே இல்ல. பட்டியல்ல இல்லாதவன் இல்லாதவன்தான். இருக்கிறது இவர் ஒருத்தர். இவரையே காலி பண்ணி ஏத்திடறேன்."

"காலி பண்றதா! நான் நிறைஞ்சு கிடக்கேன்யா. காலியா இருக்கிறவன் அவன்!"

"நிறைஞ்சிருந்தா என்ன? துடைச்சா காலி."

சொன்னபடியே திரையில் ஒரே ஒரு டிஸ்க்கைக் காட்டிவிட்டு, அழிக்கலாமா என்று கேட்டார்.

வெளியே ஜெசிந்தாவுக்கு எதிரே, போன வாரக் கல்யாணப் பெண்ணின் அத்தை வீரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஆகலையாடி? ஆல்பம் எங்க, ஆல்பம் எங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல பிடுங்குறாங்க."

"ஆச்சுக்கா. ஒரு அமுக்குதான்."

"அமுக்கித் தொலையேன்."

இந்த மாதிரி வேலை செய்யும்போது பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைப்பதுதான் வழக்கம். பெட்டியை மறுபடி யார் திறப்பது என்ற சோம்பலில் அவள் விட்டிருந்தாள். விரல் மவுஸுக்குப் போனது.

பெரியவருக்கு வெளியே கேட்கிற மாதிரி குரல் ஏது? தேய்ந்த உடம்பு ஒன்றுதான் இருந்தது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துச் சுற்றினார். கர்ர்ர்... டக்... கர்ர்ர்...

"என்னடி அது, கல்லை மெல்லுற மாதிரி?"

ஜெசிந்தாவின் விரல் நின்றது. புதுசு சத்தம் போடாதே! திரையை உற்றுப் பார்த்தாள். ஐந்நூறு ஜிபி என்று இருந்தது. வாங்கியது ஆயிரம்.

"ஐயோ அக்கா, உங்க வீட்டுக் கல்யாணத்தையே அழிக்க இருந்தேன்!"

"அழிக்கவா? அமுக்குன்னுதானேடி சொன்னேன்!"

ஜெசிந்தா பெட்டியைத் திறந்து பெரியவரின் வயரைக் கழற்றினாள். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடி, புது டிஸ்க்கை அடையாளம் காட்டும் சின்ன ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி வந்தாள். பட்டியலில் ஒரு தாள் கூடியது. அவ்வளவுதான். புதியவன் தெரிந்தான், சிஸ்டம் ஏறியது.

வேலை முடிந்து பெரியவருக்கு மறுபடி வயரை மாட்டினாள். வயிற்றைத் தடவிப் பார்த்தார். கல்யாணம் பத்திரமாக இருந்தது.

பென் டிரைவ் கிளம்பிக்கொண்டிருந்தார். "நல்ல பையன்தான். ஆனா பாருங்க, வந்ததும் 'நான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது."

புதியவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் மறுபடியும் கல்லை மெல்ல ஆரம்பித்தார்.