படம் தொடங்கும் முன் ஒரு போட்டோ

ஞானம் தேடிக் காட்டுக்குப் போனவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். செம்பியன் சாலிகிராமத்துக்குப் போனார். அரசாங்கக் கால்நடை மருத்துவர் வேலையை உதறிவிட்டு, சினிமா கற்றுக்கொள்ள வேண்டும் என்று எடிட்டர் மங்கையர்க்கரசியின் அறை வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். அதனால் என்ன, வித்தை தெரிந்தவர்தானே குரு.

குரு சிஷ்யரை 'டாக்டர்' என்பார். சிஷ்யர் குருவை 'மேடம்' என்பார். படம் வெட்டக் கற்று, கதை எழுதி, ஒரு தயாரிப்பாளரையும் பிடித்து, ஒருவழியாகச் செம்பியன் ஒரு படத்தை இயக்கி முடித்துவிட்டார். அதை வெட்டிக் கோத்துக் கொடுத்தவரும் மங்கையர்க்கரசிதான். அன்று சாயங்காலம் படத்தின் கடைசிப் பிரதி தியேட்டர்களுக்குப் போக வேண்டும்.

காலையில் செம்பியன் மாடிப்படி ஏறி வந்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்தார் என்று சொல்ல முடியாது, எறிந்தார்.

"மேடம், அந்தப் போட்டோவை வெட்டணும்."

"எந்தப் போட்டோ?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ராஜாமணி சாரோட அப்பா போட்டோ."

நம் ஊரில் ஒரு படம் தொடங்குவதற்குள் எத்தனை சடங்கு. சென்சார் சான்றிதழ் வரும், அதற்கே விசில் பறக்கும். புகை உடலுக்குக் கேடு என்று ஒரு குரல் மிரட்டும். யார் யாருக்கோ நன்றி சொல்வார்கள். பிறகு தயாரிப்பாளரைப் பெற்றவர் மாலை போட்டுக்கொண்டு, இருபக்கமும் விளக்கெரிய, மேலேயிருந்து பூ உதிர, திரை நிறைய வந்து நிற்பார். அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்றுதான் சினிமாக்காரர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜாமணி திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். கதை கேட்ட அன்றே ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். வேறெதிலும் தலையிட மாட்டேன், எங்கப்பாரு போட்டோ முதலில் வரவேண்டும் என்றார். செம்பியனும் தாராளமாகத் தலையாட்டிவிட்டார். யார் அப்பாவுக்கோ நாலு பூ விழுந்தால் தனக்கென்ன என்று அப்போது தோன்றியது.

படம் இப்படித் தொடங்குகிறது. ஒரு வீட்டுக் கூடத்தில், பெஞ்சின் மேல், ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார். முகத்தை வேட்டியால் மூடியிருக்கிறது. மூன்று மகள்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். மூத்தவள் தன் அப்பாவைத் தெய்வம் என்கிறாள். நடுமகளோ, அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் ஒடியவில்லை, அப்பா அடித்துத்தான் ஒடிந்தது என்கிறாள். படம் முழுக்க அந்த மனிதரின் முகம் கிடையாது. பார்க்கிறவர் மனசில் அவரவருக்குத் தோன்றும் முகம் வந்து உட்காரட்டும் என்பது செம்பியனின் திட்டம். அந்தத் திட்டத்துக்காக அவர் தூக்கத்தையே தொலைத்திருந்தார்.

முந்தின நாள் தெருவில் போகிறவர்களை அழைத்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். அங்கேதான் குடி முழுகியது.

"நடுமக பேச ஆரம்பிக்கிறா. பின்வரிசையில ஒருத்தன் சத்தமா சொல்றான், 'பொய் சொல்றா'ன்னு. பக்கத்துல இருக்கிற அம்மா, 'அந்த மனுஷன் மூஞ்சியப் பார்த்தா அப்படியா இருக்கு'ங்கறாங்க. எந்த மூஞ்சி மேடம்? நான் எங்க மூஞ்சி காட்டினேன்? அந்தப் போட்டோவைப் பார்த்துட்டு, அவர்தான் செத்துக் கிடக்கறார்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

"ம்."

"என்ன ம்? டைட்டில் எது, படம் எதுன்னுகூடவா ஜனங்களுக்குத் தெரியாது? இவங்களுக்கு ஒரு படம் எடுக்கறதுக்குப் பதிலா, நான் பாட்டுக்கு மாட்டுக்கு ஊசி போட்டுட்டு இருந்திருக்கலாம்."

"மாடு பாராட்டியிருக்காது."

"பொய் சொல்றான்னும் சொல்லியிருக்காது."

மங்கையர்க்கரசி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். வேறு யாருக்கோ வெட்டிக் கொடுத்த கல்யாண வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் சாப்பாடு முடிந்து, ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரிக்கும் இடத்தைக் கொஞ்சம் வெட்டினார். அதை, முகம் மூடிய பெரியவரின் ஷாட்டுக்கு முன்னால் ஒட்டி ஓடவிட்டார்.

"யாரு அது?"

செம்பியனுக்கு எரிச்சல். "கல்யாணத்துல நல்லா சாப்பிட்டுட்டு ஒருத்தர் தூங்கறார்."

கல்யாணத்தை எடுத்துவிட்டு, ஒரு சீரியலிலிருந்து போலீஸ் ஜீப் வந்து நிற்கும் ஷாட்டை வைத்தார்.

"இப்ப?"

"கொலை. மேடம், இதெல்லாம் நான் வந்து சேர்ந்த அன்னைக்கே நீங்க சொல்லிக் கொடுத்தது. அதையே எனக்குத் திருப்பிப் போட்டுக் காட்டறீங்களா?"

"பாடம் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறம் ஜனங்க மேல எதுக்குக் கோபம்?"

வாயடைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் கோபக்காரனுக்கு வாய் அவ்வளவு லேசில் அடைபடாது.

"சரி, ஜனங்க மேல கோபம் இல்லை. போட்டோ மேலதான். நீங்க சொல்றதும் அதுதானே? முன்னாடி எது வருதோ அதை வெச்சுத்தான் பின்னாடி வர்றதைப் பார்க்கறாங்க. அப்போ முன்னாடி இருக்கறதைத் தூக்கணும். ராஜாமணி சாருக்குத் தெரியவே வேண்டாம். சாயங்காலம் போற பிரதியில மட்டும் எடுத்துடுங்க."

"திருட்டுத்தனமாவா?"

"என் நடுமகளை ஊரே பொய்க்காரிங்குது. அவ ஒருத்திதான் மேடம் அந்த வீட்டுல உண்மை பேசினவ. அவளுக்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்தேன். அவ பொய்க்காரின்னா என் பேரு படத்துல இருக்க வேண்டாம். எடுத்துடுங்க."

மங்கையர்க்கரசி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. நீங்களே வெட்டுங்க. ஆனா ராஜாமணி சார் இப்ப வந்துட்டிருக்கார். அவர் கண்ணு முன்னாடி வெட்டணும்."

செம்பியன் உட்கார்ந்தார். வெட்டவேண்டிய இடத்தில், கம்ப்யூட்டரில் நகரும் வெட்டுக்கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார். திரையில் ராஜாமணியின் அப்பா மாலையோடு உறைந்து நின்றார். உண்மையிலேயே சாந்தமான முகம். கன்றுக்குட்டிகூட அந்த முகத்தைப் பார்த்து மிரளாது. அதைப் பார்க்கப் பார்க்கச் செம்பியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜாமணி வெள்ளை வேட்டி சட்டையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும், பழக்கத்தில் கை குவிந்தது.

"வெட்டப் போறேன் சார்," என்றார் செம்பியன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"எதைங்க?"

"உங்க அப்பாவை. நேத்து நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அவர் போட்டோவைப் பார்த்துட்டு, என் பொண்ணு பொய் சொல்றான்னு கத்தினாங்களே, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"விழுந்தும் சும்மா இருந்தீங்களா? உங்க அப்பாவைப் போய் பொண்டாட்டியை அடிச்சவர்னு நாலு பேர் நினைச்சா உங்களுக்குக் கோபம் வரலையா?"

ராஜாமணி அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரும் அப்படி நினைக்கலீங்களே. போட்டோவைப் பாத்தவங்க, அந்தப் புள்ளதான் பொய் சொல்லுதுன்னாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எங்கக்கா சொன்னப்பவும் நாங்க அதையேதானுங்க சொன்னோம்."

செம்பியனின் கை கீபோர்டிலேயே நின்றது.

"எங்கப்பாரு காரியத்தன்னைக்கு. வூடு கொள்ளாத சனம். இதே போட்டோவுக்கு முன்னால நின்னுதான் எங்கக்கா சொல்லுச்சு. எங்கம்மாவுக்குக் காது கேக்காம போனது காய்ச்சல்ல இல்ல, அப்பாரு அறைஞ்சதுலன்னு. நாங்க ஆரும் அவ மூஞ்சியப் பாக்கலீங்க. எல்லாரும் போட்டோவைத்தான் பாத்தோம்."

"நீங்க என்ன பண்ணீங்க?" செம்பியனின் குரல் உயர்ந்தது. தயாரிப்பாளரிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை. "உங்க அக்கா அத்தனை பேர் முன்னாடி நின்னு சொல்றாங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு கேக்கறேன்."

"பந்தி கவனிக்கப் போயிட்டேனுங்க."

செம்பியனுக்கு அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல வந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 

"அன்னைக்கு வூட்ட விட்டுப் போனவதானுங்க. நான் போய் நின்னாலும் கதவு தொறக்க மாட்டா," என்றார் ராஜாமணி. "பல வருசம் கழிச்சுத்தான் எங்கம்மா வாயத் தொறந்துச்சு. அக்கா சொன்னது நெசம்னு. அப்புறம் நீங்க வந்து உங்க கதையைச் சொன்னீங்க. சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துப் போச்சு. எங்கக்கா தியேட்டருக்குப் போறவ. எப்படியும் ஒருநா இந்தப் படத்தைப் பாப்பா. போட்டோ இருந்தாத்தானே, அவ சொன்னது நெசம்னு ஒத்துக்கறது நான்தான்னு அவளுக்கு வெளங்கும்?"

"இதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லோணும்னுதான் வந்தேன், அன்னைக்கு. போட்டோவைக் குடுத்ததோட வாய் நின்னுபோச்சுங்க."

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வெட்டறதுன்னா வெட்டிக்குங்க. படம் உங்களுது. நான் கீழ கார்ல இருக்கேன்."

படியில் அவர் இறங்கும் சத்தம் தேய்ந்து போனது. செம்பியனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் போகாமல் அப்படியே இருந்தது. பந்தி பார்க்கப் போனவன் மேல், பின்வரிசையில் கத்தியவன் மேல், திரையில் பூவுக்கு நடுவே சாந்தமாகச் சிரிக்கும் அந்தக் கிழவர் மேல். முகமே வேண்டாம் என்று தூக்கம் கெட்டுத் திட்டம் போட்ட தன் மேலும்தான்.

மங்கையர்க்கரசி குனிந்து, அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, போட்டோவுக்குப் பின்னணியாக ஓடிய நாதஸ்வரத்தை மட்டும் அழித்தார். விளக்கையும் பூவையும் தொடவில்லை. ஓடவிட்டார்.

சத்தமே இல்லாமல் பூ உதிர்ந்தது. சத்தமே இல்லாமல் விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து, அதே சாந்தமான முகத்தின் மேல் யாரோ வேட்டியை இழுத்து மூடியதுபோல, கூடத்துப் பெஞ்ச் வந்தது. நடுவில் எங்கேயும் வெட்டிய தடம் தெரியவில்லை.

செம்பியன் அதைத் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"இப்படியே அனுப்பினா, ஒவ்வொரு ஊர்லயும் எவனாவது ஒருத்தன் எழுந்து என் நடுமகளைப் பொய்க்காரின்னு சொல்லுவான்."

"சொல்லுவான்."

"படம் முடியறதுக்குள்ள அவ சொன்னது உண்மைன்னு அவனுக்கே தெரிஞ்சுடும். அது வேற. ஆனா அவ வாயத் திறந்து பேசறப்ப, அந்த நிமிஷத்துல, ஒருத்தர்கூட அவளை நம்ப மாட்டாங்களே."

மங்கையர்க்கரசி திரையில் நின்றுபோயிருந்த அந்த முகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ பேசின நிமிஷத்துல அவளை என்னைக்கு, யாரு நம்பினாங்க டாக்டர்?"