நாற்பது அரைஞாண் கயிறுகள்

மாவலூர் ராஜா திருமலைக்கொழுந்தர் ஒரு கலாசாலை நடத்திவந்தார். அதில் நாற்பது மாணவர்கள். தர்க்கம் தெரியும், இலக்கணம் தெரியும், ஒரே மூச்சில் எத்தனை நெய்யப்பம் சாப்பிடலாம் என்பதும் தெரியும். தெரியாத ஒன்று, நடப்பது.

அந்த வருஷம் திருவிழாவில் சுவாமி பல்லக்கை அவர்களைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டாவது தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு மோர் கேட்டார்கள். சுவாமி நட்டநடு வெயிலில் காத்திருந்தார். ராஜாவுக்கு மானம் போயிற்று. மறுநாளே ஒண்டிமுத்து என்ற சிலம்ப வாத்தியாரை அழைத்து, "இந்தப் பிள்ளைகளை ஆளாக்கு" என்று ஒப்படைத்தார்.

அந்த வேலைக்குத் தன் மச்சினனை வைக்க நினைத்திருந்தவர் மந்திரி சூரப்பர். அவருக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் பெரிய வயிறு. எரிந்து முடிய நாளாகும்.

"மகாராஜா, இன்றைக்கே எல்லோரையும் கோயில் துலாபாரத் தராசில் நிறுப்போம்" என்றார். "எடைக்கு எடை கல்லை வைத்துப் பூட்டுவோம். ஆறு மாதம் கழித்து மறுபடி நிறுப்போம். எடை குறையவில்லை என்றால் வாத்தியார் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா.

"ஆள்மாறாட்டம் நடக்காமலும் பார்க்க வேண்டும், மகாராஜா. ஒல்லிப் பையன்களைப் பிடித்துவந்து நிறுத்திவிட்டால்?"

ஆகவே ஒவ்வொரு மாணவன் இடுப்பிலும் ஓர் அரைஞாண் கயிறு கட்டப்பட்டது. சூரப்பர் தானே இறுக்கிக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்தார்.

ஆறு மாதம் ஓடியது. மாணவர்களும் ஓடினார்கள். விடிந்தால் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட்டம், அப்புறம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. அதற்கப்புறம்தான் தர்க்கம்.

நிறுக்கும் நாள் வந்தது. முதல் மாணவன் தராசில் உட்கார்ந்தான். முள் நடுவில் நின்றது. அடுத்தவனுக்கும் அப்படியே. மூன்றாமவன் தட்டு கீழே இறங்கியது.

"மகாராஜா, இவன் கூடியிருக்கிறான்!" சூரப்பர் குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் இல்லை.

நாற்பது பேரையும் நிறுத்தார்கள். சொல்லும்படி ஒருவனும் குறையவில்லை. வாசலில் ஒண்டிமுத்துவின் மனைவி பானை சட்டிகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாவம், எந்த ஊருக்குப் போவது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"முத்திரையைக் காட்டுங்கள்" என்றார் மந்திரி.

மாணவர்கள் கையை நீட்டினார்கள். கயிறுகள் இடுப்பில் இல்லை, கையில் இருந்தன.

"மோசடி! கழற்றிவிட்டார்கள்!" என்று குதித்தார் சூரப்பர்.

ராஜாவின் பக்கத்தில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். இன்ன உத்தியோகம் என்று அவருக்குக் கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அவர் எழுந்தார்.

"பெரிய குற்றம்தான், மகாராஜா. மந்திரியாரே, முத்திரை எத்தனை உடைந்திருக்கிறது, பாருங்கள்."

சூரப்பர் நாற்பதையும் புரட்டிப் பார்த்தார். "ஒன்றும் உடையவில்லை."

"முடிச்சு?"

"அவிழவில்லை."

"கயிறு அறுந்திருக்கிறதோ?"

"இல்லையே!"

"பின்னே எப்படிக் கழன்றது?"

"கால் வழியாக உருவியிருப்பார்கள்."

"கட்டிய அன்றைக்கு உருவியிருக்கலாமோ?"

"அதெப்படி முடியும்? நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே முத்திரை வைத்தேன்!" என்று சொன்ன சூரப்பர், சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா குழம்பினார். "இடுப்பு சிறுத்திருக்கிறது. எடை அப்படியே இருக்கிறது. இதென்ன ஓய் கூத்து?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. உடம்பில் சும்மா படுத்துக்கிடந்த கொழுப்பு வீட்டைக் காலிசெய்துவிட்டது. அந்த இடத்துக்கு உழைக்கிற தசை குடிவந்திருக்கிறது. தராசுக்குத் தலைக்கணக்குதான் தெரியும். உள்ளே இருப்பது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? சந்தேகமாக இருந்தால் மந்திரியாரைப் பல்லக்கில் ஏற்றிப் பாருங்கள்."

ஏற்றினார்கள். நான்கு தெருவும் சுற்றி, பல்லக்கு தரையைத் தொடாமல் அரண்மனைக்குத் திரும்பியது. வழியில் மோர் கேட்டவர் ஒருவர்தான். அவர் பல்லக்குக்குள் இருந்தார்.

"ஒண்டிமுத்து, உயிருள்ளவரை இந்த வேலை உனக்குத்தான்!" என்றார் ராஜா. வாசலில் மூட்டை அவிழ்கிற சத்தம் கேட்டது. "சூரப்பரே, நாளையிலிருந்து நீரும் பயிற்சிக்குப் போகிறீர். இடுப்பில் கயிறு கட்டி, நானே முத்திரை வைக்கிறேன்."

"கயிறு நாற்பதுதான் செய்தோம், மகாராஜா. மிச்சம் இல்லை" என்று தப்பிக்கப் பார்த்தார் சூரப்பர்.

"இந்த நாற்பதும் இப்போது சும்மாதானே இருக்கின்றன?" என்றார் ஆவுடையப்பன். "இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் மந்திரியாருக்குச் சரியாக இருக்கும்."

ராஜா சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. குலுங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி முப்பத்தெட்டு இருக்கிறது, மகாராஜா. தங்களுக்கு எத்தனை வேண்டும் என்று இங்கேயே சொல்லட்டுமா, தனியாக வந்து சொல்லட்டுமா?"

"சபை கலையலாம்" என்றார் ராஜா.