‘முடியாது’ என்ற பொத்தான்

கேட்டு முடித்ததும் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகையால் நிதானமாகக் கேளுங்கள்.

நாகர்கோவிலில் மூன்று பேர் சேர்ந்து ரத்த தானத்துக்கென ஒரு செல்போன் செயலி நடத்திவந்தார்கள். யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால், அதே வகை ரத்தம் உள்ளவர்களின் போனுக்குச் செய்தி போகும். செயலியின் திரைகளை வடிவமைப்பவள் ஜெபமலர். செய்திகளை எழுதி அனுப்புகிறவர் இருதயராஜ். ரத்தம் கொடுப்பவர்களிடம் பேசுகிறவள் ஷமீமா.

ஒரு நாள் நண்பகலில் ஜெபமலரின் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். அன்று காலைதான் அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"மலரு, ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்கு. இருந்த ரெண்டு பையும் ஏத்தியாச்சு. ஓ நெகட்டிவ் இன்னும் மூணு வேணும்னு டாக்டர் சொல்லுதாரு. சாயங்காலம் வரைக்கும்தான் தாங்குமாம்."

செயலியில் பதிந்திருந்த அந்த வகைக்காரர்கள் முப்பது பேர். ‘வருகிறேன்’, ‘முடியாது’ என்ற இரண்டு பொத்தான்களோடு வழக்கமான செய்தி போனது. ஒரு மணி நேரமாகியும் ஒருவரும் பதில் போடவில்லை.

இருதயராஜ் சொன்னார்: "'ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்'னு எல்லாருக்கும் எழுதுவோம். 'முடியாது'ங்கிற பொத்தானை எடுத்துரு மலரு. தப்பிக்க வழி இருந்தா மனுசன் தப்பிக்கத்தான் பாப்பான்."

"அண்ணே, அது பொய்," என்றாள் ஷமீமா. "மூணு பேர் வேணும், சாயங்காலத்துக்குள்ள வேணும். உள்ளத அப்படியே பெரிய எழுத்துல போடுவோம். முடியாதவங்க முடியாதுன்னு சொல்லட்டும்."

"அவ அக்கா சாகக் கிடக்கா, ஷமீமா!"

ஜெபமலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பதினைந்து பேருக்கு அது, பதினைந்து பேருக்கு இது என்று இரண்டு திரைகளையும் தானே செய்துகொடுத்தாள்.

ஷமீமாவின் செய்திக்கு ஒன்பது பேர் முடியாது என்றார்கள், ஒருவர் வந்தார். இருதயராஜின் செய்திக்கு மூவர் ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் மஞ்சள் காமாலைக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். தன்னை விட்டால் ஆளில்லை என்று நம்பி அதை மறைத்தார். வரிசையில் நின்றபோது மூவரும் போனைக் காட்டிக்கொண்டார்கள். மூன்றிலும் ஒரே செய்தி. காமாலைக்காரர் தன் நோயைச் சொல்லிவிட்டு வெளியே போனார். மற்ற இருவரும் முகம் சுளித்தபடியே ரத்தம் கொடுத்தார்கள்.

அக்கா பிழைத்தாள்.

அடுத்த மாதம் தக்கலையில் இன்னொரு பெண்ணுக்கு அதே ரத்தம் தேவைப்பட்டது. பொய்ச் செய்தி பெற்ற பதினைந்து பேரில் பதினான்கு பேர், அது பொய் என்ற பேச்சு பரவியதால், அதற்குள் செயலியையே நீக்கியிருந்தார்கள். மற்றவர்களில் யாராலும் அன்று வர முடியவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள்.

ஒரு உயிரைக் காத்ததில் பொய்க்கும் பங்குண்டு. ஒரு உயிர் போனதிலும் உண்டு. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஷமீமா செய்ததுதான் சரி. அவளும் தூண்டத்தான் செய்தாள். பெரிய எழுத்தும் நேரக்கெடுவும் வேறு எதற்கு? ஆனால் எப்படித் தூண்டினாள் என்பதைச் செய்தி பெற்றவரிடமே அவளால் சொல்ல முடியும். இருதயராஜால் முடியாது. ஜெபமலரோ தெரிந்தே பாதியைப் பொய்க்குக் கொடுத்தாள். பின்னர் அவள் தக்கலைக்குப் போய், இறந்தவளின் கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர், "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.