கொடுக்காத கையுறை

லொம்பார்டியர்கள் தென் இத்தாலியில் அரசாண்ட காலம். அங்கே ஒரு மலைநாட்டை அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆண்டார்கள். அண்ணன் பெயர் ஆல்தோ, தம்பி வாக்கோ. ஆணை எதுவானாலும் அடியில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அது செல்லாது. இப்படி ஓர் ஆட்சி எங்கேயாவது உருப்படுமா என்று அக்கம்பக்கத்து அரசர்கள் சிரித்தார்கள். அவர்கள் வாயில் மண் விழ, பல வருடம் நன்றாகவே உருப்பட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஆல்தோ, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நகரத்தின் மேல் படையெடுக்க ஆணை எழுதினான். வாக்கோ பெயர் போட மறுத்தான்.

"வேண்டாம் அண்ணா. இன்றைக்கும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம்."

அவ்வளவுதான். ஆல்தோவுக்கு முன் வைத்த காலைப் பின் வைத்துப் பழக்கமில்லை. மறுநாள் காலை ஈட்டிச் சபை கூடுகிறது. ஆயுதம் ஏந்திய ஆண்கள் எல்லோரும் வருவார்கள். தம்பியின் பாதி நாட்டை அங்கே வைத்தே பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தான். அதற்கு முன் தன் குருவின் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று மலையேறினான்.

அவன் குரு தெயோதா, ஒரு சின்ன மடத்தின் தலைவி. கோபத்தை அடக்க அவனுக்குக் கற்றுத்தந்தவள். பாடம் பாதிதான் ஏறியிருந்தது.

அவன் கொண்டுவந்த கம்பளிப் போர்வையை அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன விஷயம்?"

"தம்பிக்கு நான் கொடுத்ததைத் திருப்பி எடுக்கப்போகிறேன், அம்மா. வழக்கம் என் பக்கம் இருக்கிறதா, சொல்லுங்கள்."

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு மோதிரம், ஒரு கையுறை, எதுவும் இல்லையென்றால் ஒரு வெங்காயமாவது பதிலுக்குத் தர வேண்டும். அதற்குப் பதில் கொடை என்று பெயர். தந்தால்தான் வாங்கிய பொருள் சொந்தம். தராவிட்டால், கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கேட்பாரில்லை.

"அப்பா முழு நாட்டையும் எனக்குத்தான் விட்டுப் போனார்" என்றான் ஆல்தோ. "பாதியை நான் அவனுக்குக் கொடுத்தேன். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். பதிலுக்கு ஒன்றும் தரவில்லை."

"மறந்திருப்பான்."

"அன்றைக்கு மறந்தான், சரி. அப்புறம் அவன் ஆட்களே எத்தனை முறை நினைவுபடுத்தினார்கள்! கொடுக்கமாட்டேன் என்று சிரிக்கிறான். திமிர், அம்மா."

"நாளைக்கு அந்த ஆட்கள் சும்மா இருப்பார்களா?"

"வாளை உருவுவார்கள். என் ஆட்களும் உருவுவார்கள். தெரிந்துதான் இறங்கியிருக்கிறேன்."

"தம்பி?"

"நடுவில் வந்து நின்றால் அவன் பாடு."

சொன்னது அவனுக்கே கசந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

தெயோதா போர்வையை விரித்துப் போர்த்திக்கொண்டாள். நன்றாக இழுத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆல்தோ காத்திருந்தான். அவன் எதைக் கொண்டுவந்தாலும் அவள் உடனே ஏதாவது எடுத்து நீட்டுவாள். இன்றைக்குக் கை அசையவே இல்லை.

"அம்மா, பதில் கொடை?"

"தரப்போவதில்லை."

"அப்படியானால் இது உங்களுடையது ஆகாதே."

"ஆகாது."

"பனி கொட்டும்போது நான் வந்து கேட்டால்?"

"கழற்றித் தருவேன்."

"என்னம்மா இது! ஒரு வெங்காயத்தோடு முடிகிற விஷயம். கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்களேன்."

"இப்போதும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஏன், நீ வந்து கேட்பாயா?"

"நானா? உங்களிடமா?" ஆல்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை யாரென்று நினைத்தீர்கள்!"



"வழக்கம் உன் பக்கம்தான், ஆல்தோ" என்றாள். "காலையில் போய் எடுத்துக்கொள்."

"அது போதும்."

அவன் எழுந்து விறுவிறுவென்று நடந்தான். வாசலில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவன், ஏறாமல் நின்றான். இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை, கேட்காமல் போக அவனால் முடியவில்லை. திரும்பி வந்தான்.

"கொடுக்கமாட்டேன் என்று அவன் ஏன் அடம்பிடிக்கிறான்? உங்களிடம் ஏதாவது சொன்னானா?"

"ஈஸ்டருக்கு வந்திருந்தான். நானே திட்டினேன். ஒரு கையுறையைக் கொடுத்துத் தொலையேன், அப்புறம் உன் பாதியை அண்ணனாலும் தொட முடியாது என்றேன்."

"என்ன சொன்னான்?"

"'அண்ணனிடமிருந்து என்னைக் காப்பாற்ற எனக்கு எதற்கு அம்மா கையுறை?' என்றான்."