ஆறு இட்லியும் பத்தொன்பது விதியும்

கொன்றைமாபுரத்து ராஜா நல்லமராயருக்கு எதையாவது மலிவாக வாங்கினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சிக்கல் வந்தது.

பட்டத்து யானை மிதித்து ஒரு பாகன் செத்துப்போனான். மறுநாளே மிச்சமிருந்த நாற்பத்து மூன்று பாகன்களும் அங்குசங்களைக் கொண்டுவந்து அரண்மனை வாசலில் வைத்துவிட்டார்கள்.

"எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பெண்டாட்டி பிள்ளைங்க கஞ்சிக்கு வழி சொல்லுங்க மகாராஜா. அப்புறம் ஏறுறோம்" என்றான் தலைமைப் பாகன் மூக்கையன்.

தேர்த் திருவிழாவுக்கு எட்டே நாள். யானை வராத திருவிழாவை எந்த ஊர் மதிக்கும்?

சேதி கேட்டு இரண்டு வணிகர்கள் உயிர்க்காப்பு ஓலையோடு வந்தார்கள். பாகன் ஒருவனுக்கு மாதம் இத்தனை படி நெல் என்று அரண்மனை அளக்க வேண்டும். அவன் செத்தால் அவன் குடும்பத்துக்குப் பத்து வருஷம் வணிகர் அளப்பார். அம்பலவாணர் ஐந்து படி கேட்டார். சீவரத்தினம் இரண்டு படிதான் கேட்டார்.

"இரண்டு!" என்று ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றியே விட்டார்.

அவையில் கடைசி ஆசனத்துக்காரரான ஆளவந்தார் மெல்ல இருமினார். "பிரபு, ஓலையின் முதுகைப் பார்த்தீர்களா? எறும்புக்கால் எழுத்தில் பத்தொன்பது விதி இருக்கிறது."

"முதுகை யாரய்யா பார்ப்பார்? விலையைப் பாரும்!"

"சரி பிரபு. ஆனால் நம் ஊர் வழக்கப்படி, குடிகளுக்கு எந்த ஓலை போட்டாலும் முத்திரைக்கு முன்னால் ராஜா ஒருநாள் அதற்கு உட்பட்டு, ஓலை காக்காத எதையும் செய்யாமல் நடக்க வேண்டும். விடியல் முரசு முதல் மாலை முரசு வரை."

"இவ்வளவுதானே?" என்றார் ராஜா.

விடிந்தது. ராஜா குளத்தில் கால் வைக்கப் போனார். படிக்கட்டில் ஆளவந்தார் ஓலையோடு நின்றார்.

"முதல் விதி பிரபு. தண்ணீரில் செத்தால் நெல் கிடையாது. இறங்காதீர்கள், ராணியம்மாவை நினைத்துப் பாருங்கள்."

ராஜா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஆறு இட்லியிலும் ஆவி பறந்தது.

"நான்காவது விதி. விக்கிச் செத்தால் கிடையாது."

"சட்னி தொட்டுச் சாப்பிட்டால்?"

"ஐந்தாவது விதி, காரம்."

ஆறு இட்லியும் வந்த வழியே திரும்பிப் போயின. ராஜா அவற்றை வாசல் வரை கண்ணால் வழியனுப்பினார்.

மாடிக்குப் போகலாமென்றால் ஏழாவது விதி, படிக்கட்டு. சற்றுக் கண்ணயரலாமென்றால் பன்னிரண்டாவது விதி, தூக்கம். "என்னய்யா இது!" என்று கத்தினார். பதினான்காவது விதி, கோபம். பசியில் தலை சுற்றி, "யானையைக் கொண்டுவா, வெளியே போகிறேன்" என்றார்.

"ஒன்பதாவது விதி. யானையால் செத்தால் கிடையாது."

வாசலில் நின்ற மூக்கையன் வாயைப் பிளந்தான். "யானையால செத்தா கிடையாதா? நாங்க பின்னே பூனையாலயா சாமி சாகப்போறோம்?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. சீவரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓய்! தண்ணீர் கூடாது, சோறு கூடாது, தூக்கம் கூடாது. நான் எப்படித்தான் சாவது?"

"தாங்கள் ஏன் சாக வேண்டும் பிரபு? நூறாண்டு வாழ வேண்டும்!" என்று கும்பிட்டார் சீவரத்தினம்.

ஆளவந்தார் பணிவாகக் கேட்டார்: "ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து, சலித்தே ஒருவர் செத்தால்?"

சீவரத்தினம் யோசிக்காமல் சொன்னார்: "அது பத்தொன்பதாவது."

ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது.

"அடக்குங்கள் பிரபு! பதினைந்தாவது விதி, சிரிப்பு. இன்னும் முரசு அடிக்கவில்லை."

ராஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கன்னம் உப்பிக் கண்ணில் நீர் வழிந்தது. 'டம்' என்று மாலை முரசு கேட்டதும் சிரித்தார் பாருங்கள், தூணில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்துவிட்டன. புறாக்களோடு சீவரத்தினமும் போய்விட்டார்.

ராஜா அவையோரம் நின்ற மற்ற வணிகரிடம் திரும்பினார். "அம்பலவாணரே, உம் ஓலையைக் கொடும். முதலில் முதுகு!"

முதுகில் இரண்டே விதிகள் இருந்தன. சாகாமல் செத்ததாகச் சொல்லக் கூடாது. வயதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

"பேஷ்! நாளைக்கு இதற்கு உட்பட்டு நடக்கிறேன். பன்னிரண்டு இட்லி வைக்கச் சொல்லும்!"

அம்பலவாணர் எழுத்தாணியை எடுத்தார். "அப்படியானால் தங்கள் வயதைக் குறித்துக்கொள்கிறேன் பிரபு."

பதினோரு வருஷமாக நாற்பதிலேயே நிற்கிற ராஜா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணியைப் பார்த்தார். ராணி மேற்கூரையைப் பார்த்தாள். ராஜா ஆளவந்தாரின் காதோரம் குனிந்தார்.

"ஏனய்யா, அந்த இரண்டு படி ஓலையில் வயது கேட்கவே இல்லையே?"

"அதில் சாகவே வழியில்லையே பிரபு, வயது எதற்கு?"

ராஜா பெருமூச்சு விட்டார். "ஐம்பத்தொன்று" என்றார். வாசலில் நாற்பத்து மூன்று பேரும் அங்குசத்தைக் கையில் எடுத்தார்கள்.